'பிளாஸே' – வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னாள். அதில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. வினைச்சொல் சரி, காலம் சரி, பெயரடை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "வெரி குட்" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியத்தின் பொருள் எனக்குள் இறங்கியது.

என் பெயர் நிறோசா. கல்முனைப் பிரதான வீதியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், சனிக்கிழமைப் பின்னேரங்களில், வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மிச்ச நேரத்தில் தமிழில் கதை எழுதுகிறேன். இந்த இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று தொடாமல்தான் இவ்வளவு காலமும் இருந்தன.

அன்றைக்கு வாசிக்கக் கொடுத்த பந்தியில் ஒரு சொல் வந்தது. பஸ்லியா என்ற மாணவி அதை 'பிளேஸ்' என்று வாசித்தாள். "பிளேஸ் இல்லை, பிளாஸே" என்றேன். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல், அதனால்தான் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு. பொருள்? அளவுக்கு மேல் கண்டுவிட்டவர். கண்டு கண்டு, இனி எதுவும் அவரை அசைக்காது என்ற நிலைக்கு வந்துவிட்டவர். அடிக்கடி விமானத்தில் போகிறவர் யன்னலால் எட்டிப் பார்க்க மாட்டார், அவர் பிளாஸே. அது என் உதாரணம். புத்தகத்திலும் அதுதான் இருந்தது.

"இனி நீங்கள் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க பார்ப்பம்."

"என்ட மகன் என்ட ஏச்சுக்கு பிளாஸே, மிஸ்" என்றாள் பஸ்லியா. எல்லோரும் சிரித்தார்கள். "எங்கட ஓட்டோக்காரர் ஹோர்ன் சத்தத்துக்கு பிளாஸே" என்றாள் இன்னொருத்தி. அதற்கும் சிரித்தார்கள். பிறகு சிபானா எழுந்தாள். சாய்ந்தமருதில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் றிஸ்கானின் மனைவி. பின்வாங்கில் இருப்பாள், கேட்டால் மட்டும் கதைப்பாள். அவள் சொன்ன வாக்கியத்தைத் தமிழில் தருகிறேன்:

'என் மாமியின் உடலைக் குளிப்பாட்டிய பெண் மரணத்தைப் பற்றி பிளாஸே ஆக இருந்தார், ஆனால் என் மாமி சாகவில்லை.'

வெரி குட். வகுப்பு இன்னும் பெரிதாகச் சிரித்தது. பஸ்லியா மட்டும் சட்டென்று நிறுத்தினாள். அவளும் சாய்ந்தமருதுதான், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சிபானா நின்றபடியே இருந்தாள்.

"மிஸ்" என்றாள் தமிழில், "இது நடந்த."

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். அவற்றை மறைக்கப் போவதில்லை.

'அஸருக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்து முடித்திருந்த நேரம்—' இது செய்தித்தாளின் குரல். விட்டுவிட்டேன்.

'சீனத்தும்மா இறந்த அன்று நல்ல வெயில்.' நல்ல வாக்கியம்தான். ஆனால் சீனத்தும்மா, சிபானாவின் மாமி, றிஸ்கானின் தாய், இறக்கவில்லை. இரண்டாவது சொல்லிலேயே பொய் சொல்லும் கதையை எப்படி நடத்துவது?

'ஆமினா உம்மா என்ற கிழவிக்கு மையத்துகள்—' (நிறுத்தினேன். மையத்து என்றால் இறந்த உடல். ஆமினா உம்மாவை அப்போது நான் பார்த்ததுகூட இல்லை. ஏன் கிழவி என்று எழுதினேன்? உடலைக் குளிப்பாட்டுகிறவள் என்றதும் என் கை தானாகவே ஒரு கிழவியை எழுதிவிட்டது. கையும் எதற்கெல்லாமோ பழகிவிடுகிறது.)

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நான் மெதடிஸ்த சபைக்காரி. எங்கள் வீடுகளில் யாரும் இறந்தால் மலர்ச்சாலைக்காரர், அதாவது சவப்பெட்டிக் கடைக்காரர், வந்து கொண்டுபோய், உடுத்தி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தருவார்கள். சிபானா நின்ற அறைக்குள் நான் ஒருநாளும் நின்றதில்லை. ஆகவே கீழே வருவது அவள் எனக்குச் சொன்னது. வகுப்பு முடிந்து படியில் வைத்துக் கொஞ்சமும், பிறகு அவளுடைய குசினியில் வைத்து மிச்சமும் சொன்னாள். சொல்லும்போது அவள் ஒரு தடவையும் அழவில்லை. வெங்காயம் வெட்டும்போதுகூட.

3

சீனத்தும்மாவுக்கு நெடுங்காலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. முதல் நாள் வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல், சீனிக்கான குளிசையை மட்டும் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. சிபானா போய்த் தொட்டுப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்து, நெற்றியில் ஈரமாக இருந்தது. றிஸ்கான் ஓடிப்போய், அருகில் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்டரைக் கூட்டிவந்தார். டொக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். கண்ணைத் திறந்து லைட் அடித்தார். "முடிஞ்சி" என்றார். வெளியில் நின்ற மோட்டார் சைக்கிளை அவர் நிற்பாட்டியிருக்கவும் இல்லையாம். அந்த எஞ்சின் சத்தம்தான் தனக்கு இன்றைக்கும் கேட்கிறது என்றாள் சிபானா.

அதன்பிறகு எல்லாம் வழமைப்படி நடந்தன. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சொந்தக்காரர் வந்தார்கள். முற்றத்தில் கதிரைகள் போட்டார்கள். மையவாடியில் குழி வெட்ட ஆள் போனது. மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் ஆமினா உம்மா வந்தார். ஊரில் பெண்களின் உடலைக் குளிப்பாட்டுவதென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்த கையோடு பலகை ஆடுகிறதா என்று பார்த்தார், திரைத்துணியைக் கட்டுவித்தார், சபுன் எங்கே என்று கேட்டார். உதவிக்கு வீட்டுப் பெண் ஒருத்தி வேண்டும். றிஸ்கானுக்குச் சகோதரிகள் இல்லை. சிபானா உள்ளே போனாள்.

"பயமா?"

"ஓம் உம்மா."

"முதல் தரம் எல்லாருக்கும் அப்பிடித்தான். நான் கழுவுறன், நீ தண்ணிய ஊத்து."

ஆமினா உம்மா உடலைத் துணியால் மறைத்தபடியே வேலையைத் தொடங்கினார். கை வேலை செய்ய வாய் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. மருதமுனையில் ஒரு கலியாண வீடு, அங்கே மாப்பிள்ளையின் வாப்பா கோபித்துக்கொண்டு எழும்பிப் போன கதை. சிபானா மாமியின் வலது கையைத் தூக்கினாள். அது சுகமாக வளைந்து வந்தது.

"உம்மா, கை விறைக்கவே இல்ல."

"நல்ல மனிசி. நல்லவங்கட மையத்து இப்பிடித்தான் இளகிக் கிடக்கும். உனக்குத் தெரியா, சிலருக்கு விரல நீட்டவும் ஏலா."

சிபானா அழுதாள். மாமி நல்லவர் என்பதற்காக அழுதாள்.

பிறகு ஆமினா உம்மா வயிற்றை மெல்ல அமர்த்தினார். அப்போது மாமியின் வாயிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது.

"உம்மா! மாமி மூச்சு விட்டாங்க!"

"காத்து, மகள். வயித்த அமத்தினா வாறதான். ஊத்து, ஊத்து. மறுகா அந்த மனிசன் என்ன செஞ்செண்டா, சாப்புடாம எழும்பி..."

தண்ணீர் தோளில் விழுந்தது. மாமியின் புயத்தில் சின்ன மயிர்கள் குத்திட்டு நிற்பதைச் சிபானா கண்டாள். குளிரில் நமக்கு நிற்பதுபோல.

"உம்மா, இஞ்ச பாருங்க."

ஆமினா உம்மா பார்த்தார். "அதுவும் வாறதான். மையத்துக்கும் மயிர் நிக்கும். எத்தினயக் கண்டிருப்பன்."

* பின்னர் நான் இதைத் தேடி வாசித்தேன். உண்மைதான். இறந்த உடலை அமர்த்தினால் மூச்சுப்போல் காற்று வெளியேறும், தோலில் மயிர் நிற்கவும் செய்யும். அந்த இரண்டு விடயத்திலும் ஆமினா உம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். என்னைத் திடுக்கிட வைத்தது அதுதான். தெரியாத ஒருத்தி பிழைவிட்டால் விளங்கிக்கொள்ளலாம். இவர் தெரிந்தவர். தெரிந்திருந்ததால்தான் சீனத்தும்மா புதைகுழிக்கு அவ்வளவு கிட்டப் போனார்.

முகம் கழுவும் முறை வந்தது. சபுன் நுரையில் கொஞ்சம் மூக்கடியில் தங்கிவிட்டது. ஆமினா உம்மா துணியை எடுக்கத் திரும்பினார். சிபானா அந்த நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஒரு குமிழ் இருந்தது. குமிழ் மெல்லப் பெருத்தது.

காற்று, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாளாம். உம்மா சொன்ன காற்று.

குமிழ் சிறுத்தது.

மறுபடியும் பெருத்தது.

ஆமினா உம்மா மூக்கில் வைக்கப் பஞ்சை உருட்டிக்கொண்டு குனிந்தார். சிபானா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உம்மா. காத்துப் போறது சரி. உள்ளுக்கு எப்பிடி வரும்?"

ஆமினா உம்மா குமிழைப் பார்த்தார். கலியாண வீட்டுக் கதை பாதியில் நின்றது. கையிலிருந்த பஞ்சு ஈரத் தரையில் விழுந்தது, அவரும் அப்படியே கால் மடங்கித் தரையில் இருந்துவிட்டார்.

சிபானா கத்தினாள். "மாமி சாகல்ல! மாமிக்கு உசிர் இரிக்கி!"

இனி வருவதை நான் அவளிடம் இரண்டாம் தரமும் கேட்டேன், நம்ப முடியாமல். ஒருவரும் வரவில்லை. திரைக்கு வெளியே பெண்கள் இருந்தார்கள், முற்றத்தில் ஆண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது. மருமகள் தாங்க முடியாமல் அழுகிறாள் என்று நினைத்தார்கள். மரண வீட்டில் 'சாகவில்லை' என்று கத்தாதவர் யார்? முற்றத்திலிருந்து ஒரு பெரியவர் அன்பாகச் சொன்னார்: "சத்தம் போடாத புள்ள. பொறுமை செய்."

அவள் மறுபடியும் கத்தினாள். வெளியிலிருந்த பெண்களில் ஒருத்தி, "அல்லாஹ் நாடினது, என்ன செய்ற" என்றாள்.

சிபானா திரையை இழுத்து அறுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உடுப்பெல்லாம் நனைந்து, தலையில் துணி இல்லாமல், முடி விரிந்தபடி, ஆண்கள் இருந்த முற்றத்துக்கு நடுவில் போய் நின்றாள். அப்போதுதான் எல்லோரும் எழும்பினார்கள். "நான் சொன்னதக் கேட்டு ஒருத்தரும் எழும்பல்ல மிஸ்" என்றாள். "என்ட தலையக் கண்டுதான் எழும்பின."

றிஸ்கான் தாயைக் கட்டில் விரிப்பில் சுற்றித் தூக்கி, கடையின் சின்ன லொறியில் ஏற்றினார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஊழியர் வெள்ளைத் துணியைக் கண்டார். தலையை நிமிர்த்தாமலே, "மோச்சரி அந்தப் பக்கம்" என்று பிணவறைக்குக் கை காட்டினார்.

(இந்த இடத்தில் அந்த ஊழியரின் முகத்தை எழுத முயன்றேன். சோர்ந்த கண்கள், பாதி தின்ற பணிஸ்— எதற்கு? அவர் கை காட்டினார். அவ்வளவுதான்.)

விரலில் குத்திப் பார்த்தார்கள். இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்குப் போயிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிறகு சீனத்தும்மா கண்ணைத் திறந்து, மகனைப் பார்த்து, தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி:

"என்ட தலைய ஆர் நனைச்ச? தடிமன் புடிக்கப் போகுது."

4

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் மீராமுகைதீனுக்கு ஒரு சங்கடம். ஜனாஸாவை, அடக்கத்தை, அறிவிக்க வசனம் இருக்கிறது, அதை ரத்துச் செய்ய வசனம் இல்லை. ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு இருமினார். "சற்று முன்னர் அறிவிக்கப்பட்ட மர்ஹூமா சீனத்தும்மா அவர்களின்..." என்று தொடங்கி, 'மர்ஹூமா', அதாவது காலஞ்சென்றவர், என்று சொல்லிவிட்டதை உணர்ந்து நின்றார். ஊர் முழுக்க அந்த மௌனத்தைக் கேட்டது. கடைசியில், "ஜனாஸா இன்று இல்லை" என்று முடித்தார். மையவாடியில் வெட்டிய குழியை வெட்டியவர்களே மூடினார்கள்.

ஊர் ஆடிப்போயிற்று. அக்கரைப்பற்றிலிருந்தும் ஆள் வந்தது. சீனத்தும்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள், அங்கே என்ன கண்டாய் என்று கேட்டார்கள். "ஒண்டும் காணல்ல, நித்திர" என்றார் அவர். ஏமாந்துபோனார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு அடங்கியது. இப்போது ஓட்டோக்காரருக்கு வழி சொல்லும்போது "மௌத்தாகி வந்தவட வீட்டுக்குப் பக்கத்தில" என்கிறார்கள், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் என்பதுபோல.

'பிளாஸே' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடினேன். அலட்சியம்? அதில் வேண்டுமென்று செய்வது இருக்கிறது. ஆமினா உம்மா வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. சலிப்பு? சலித்தவர் முகத்தில் தெரியும், இவர் முகம் சிரித்தபடி இருந்தது. மரத்துப்போதல்? காயம் பட்ட இடத்துக்குச் சொல்வது, கொஞ்சம் கிட்ட வருகிறது. சிபானாவிடம் கேட்டேன். "பழகிட்டு எண்டுதான் நாங்க சொல்ற" என்றாள். இங்கே அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறோம். பழகின டிரைவர், பழகின கை. ஆங்கிலம் அதே குணத்தைக் குறையாகச் சொல்கிறது. எனக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை.

5

கதையில் ஆமினா உம்மாவைக் குற்றவாளியாக நிறுத்தலாம். இரண்டு பந்தி எழுதியும் விட்டேன். ஆளைப் பார்க்காமல் எழுதுவது பிடிக்காமல், சிபானாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கேற்றைத் திறந்தவர் கிழவியல்ல. என்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். மெலிந்த உடம்பு. கையில் போன், அதில் யாரோ சமைக்கும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. (மேலே எங்காவது அவரைக் குண்டாகக் கற்பனை செய்திருந்தால் அழித்துவிடுங்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.) சிபானாவைக் கண்டதும் போனை அணைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"இரிங்க ரீச்சர். தேத்தண்ணி போடுறன்." ஆனால் எழும்பவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஊர் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்றார்.

"எப்ப தொடங்கின நீங்க இந்த வேலைய?" என்று கேட்டேன்.

"கடல் வந்த நேரம், சுனாமி. அப்ப எனக்குக் கலியாணம் முடிச்சிப் புதிசு. ஆம்புளயள் கொண்டுவந்து கிடத்தின, நாங்க கழுவின. ஆர்ர புள்ளையெண்டும் தெரியா. அதில நிண்டு அழுதிருந்தா கை ஓடியிருக்காது. அப்ப நிறுத்தின அழுகை, மறுகா வரவேயில்ல."

சபையில் எத்தனையோ சாட்சிகளைக் கேட்டிருக்கிறேன். இப்படிச் சாதாரணமாக ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டதில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "மையத்தில கண்டத வெளியில சொல்லப்படாது, அது எங்கட முறை. ஆனா சீனத்தும்மா மையத்தில்லையே. அப்ப அதச் சொல்லலாமா, ஏலாதா? ஆருட்டக் கேக்கிறது?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு நடுவில் விட்டுப் போயிற்று. "ரீச்சர், ஒண்டு கேக்கிறன். நீங்க படிச்சவங்க. மையத்து மூச்சு விடும்தானே? காத்து வரும்தானே?"

"ஓம். வரும். நான் வாசிச்சிருக்கிறேன்."

"ஒரு புள்ள. பேர் சொல்ல மாட்டன். புள்ள பெறுற நேரம், பிரசவத்தில போனது. சின்ன வயசு. பலகையில கிடத்தின உடன அதுவும் இப்பிடித்தான் ஒரு மூச்சு விட்டிச்சி. தாய் பக்கத்தில நிண்டவ, 'உம்மா, என்ட புள்ள' எண்டு என்ட கையப் புடிச்சா. நான் 'காத்து' எண்டன். கைய எடுத்துவிட்டிட்டுக் கழுவினன்." அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அது காத்துத்தான் ரீச்சர். ஆஸ்பத்திரியில பாத்துத்தான் தந்த. காத்துத்தான். காத்துத்தானே?"

நான் வாயைத் திறந்தேன். ஆம் என்று சொல்வது எவ்வளவு எளிது. ஆனால் நான் சிபானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

சிபானாதான் கேட்டாள், மிக மெதுவாக. "உள்ளுக்கும் வந்திச்சா, உம்மா?"

ஆமினா உம்மா நிலத்தைப் பார்த்தார்.

"நான் பாக்கல்ல, புள்ள."

வெளியில் ஐஸ்கிறீம் வண்டி பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. பிறகு சிபானா கதிரையை விட்டிறங்கி அவருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள்.

"நானும் நம்பின தானே, உம்மா" என்றாள். "நீங்க காத்து எண்ட உடன நானும் ஊத்தின தானே."

அன்றைக்குத்தான் அவள் அழுததைக் கண்டேன். ஆமினா உம்மா அழவில்லை. அழ முயன்றார் என்று நினைக்கிறேன். முகம் கோணியது, தோள் குலுங்கியது, கண் மட்டும் காய்ந்தே இருந்தது. அதை நேரில் பார்க்காதவர்களுக்கு எப்படி எழுதிக் காட்டுவதென்று எனக்குத் தெரியாது. ஆகவே—

6

முடிவுகள்.

(அ) ஆமினா உம்மா இனி ஒருபோதும் அந்த வேலைக்குப் போவதில்லை. தையல் பழகுகிறார். இது சாத்தியம். ஆனால் கதை இதில் தப்பித்து ஓடுகிறது.

(ஆ) ஆமினா உம்மா தனியாக மையவாடி மதிலுக்கு வெளியே போய் நின்று, அந்தப் பிரசவத்தில் போன இளம் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறார். கடல் காற்று வீசுகிறது, முக்காடு பறக்கிறது, கடைசியில் கண்ணீர் வருகிறது. இதை எழுதி முடித்தேன். அழகாக வந்தது. ஒரு பெண் குழிக்குள் மூச்சு விட்டிருக்கலாம் என்ற இடத்தில் இவ்வளவு அழகு எதற்கு என்று வெட்கம் வந்து கிழித்தேன்.

(இ) என் கணவர் மெல்ரொய் சொன்னது. இதுவரை எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். பிளேன்ரீக் கோப்பையை வைத்துவிட்டு, "ஏன் அந்த டொக்டரைச் சும்மா விட்டுட்டீர்?" என்றார் கோபமாக. "மோட்டார் சைக்கிளை நிப்பாட்டாமல் வந்தவனை விட்டுட்டு, அந்த மனுஷியைப் போட்டு உலுப்புறீர்."

அவர் கேட்டது நியாயம். றிஸ்கான் டொக்டரிடம் போயிருக்கிறார். டொக்டர் கதிரையை விட்டு எழும்பி நின்றாராம். "நான் பாத்த நேரம் உசிர் இருக்கல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கொஞ்ச நாளில் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆமினா உம்மாவைப் போல அவர் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டாரா, அதற்கு யாராவது பதில் சொன்னார்களா, தெரியாது. தெரியாத ஒருவரை ஏசுவதற்கு எனக்கு எழுத்துத் தேவையில்லை.

இந்த மூன்றில் எதைத் தெரிவு செய்வதென்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது சிபானா எனக்குப் போன் எடுத்தாள். பஸ்லியாவின் தாய் மௌத்தாகிவிட்டார். நெடுநாள் நோய், ஆஸ்பத்திரியில் வைத்தே முடிந்திருந்தது. மத்தியானத்துக்கு முதல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். "வாறீங்களா மிஸ்?" என்றாள். "ஆமினா உம்மாவும் வாறாங்களாம்."

7

நடு அறையில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரை வெள்ளைத் துணி, முகம் திறந்திருந்தது. சுற்றிவரப் பெண்கள். யாரோ ஓதிக்கொண்டிருந்தார்கள். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. பஸ்லியா என்னைக் கண்டதும் எழும்பி வந்து தோளில் சாய்ந்தாள்.

ஆமினா உம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரையில் இருந்தார். அவரைக் கூப்பிட வேண்டாம் என்று பஸ்லியாவின் சாச்சி (தாயின் தங்கை) சொல்லியிருக்கிறார். பஸ்லியா கேட்கவில்லை. "அவங்கதான் வேணும். இனி அவங்க பாக்காம உடமாட்டாங்க" என்றாளாம்.

பாக்காம விடவில்லைதான். ஆனால் தொடங்கவும் இல்லை. தண்ணீர் தயார், திரை கட்டியாயிற்று. ஆமினா உம்மா அந்த அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு முகத்தையே பார்த்தபடி இருந்தார். வெளியில் ஆண்கள் நேரம் போகுது என்று குரல் கொடுத்தார்கள். சாச்சி பொறுமை இழந்தார்.

"ஆமினா, என்ன இது? ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க, மரணத் துண்டும் தந்திட்டாங்க. இனி என்னத்தப் பாக்கிற?"

"தரட்டும்" என்றார் ஆமினா உம்மா. "நீங்களும் வந்து பாருங்க. என்ன நம்ப வேணாம். எல்லாரும் வந்து ஒருக்காப் பாருங்க."

அறை திடுக்கிட்டது. சாச்சி மற்றப் பெண்களைப் பார்த்தார். பஸ்லியாதான் முதலில் போனாள். குனிந்து, உள்ளங்கையைத் தாயின் மூக்கடியில் வைத்து, நெடுநேரம் வைத்திருந்துவிட்டு, இல்லை என்று தலையாட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் சாச்சி. பிறகு பக்கத்து வீட்டுக்காரி. பிறகு மையத்துக்குக் கிட்ட வரவே பயந்துகொண்டிருந்த இளம் பெண்கள், ஒருவருடைய கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. ஒவ்வொருவரும் குனிந்து, பொறுத்திருந்து, தலையாட்டிவிட்டு விலகினார்கள். ஓதிக்கொண்டிருந்த குரலும் நின்றுவிட்டது. சிபானா கண்ணைத் துடைத்துவிட்டு, நுணுக்கமாக, மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தாள். அவளும் தலையாட்டினாள்.

"ரீச்சர்" என்றார் ஆமினா உம்மா. "நீங்களும்."

நான் வேற்று ஆள், எனக்கு இதில் என்ன வேலை என்று சொல்லியிருக்கலாம். என் கால்கள் அதற்குள் கட்டிலடிக்குப் போய்விட்டன. குனிந்தேன். நோயால் வற்றிப்போன முகம், மூடிய இமைகள், இலேசாகத் திறந்த உதடு. உள்ளங்கையை மூக்கடியில் வைத்தேன். தோலின் குளிர் தெரிந்தது. நெஞ்சுக்குள் நானே ஜெபம் பண்ணுகிறேன் என்பது கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. கையை எடுக்கப் போனேன்.

அப்போது உள்ளங்கையின் நடுவில், மிக மெல்லிசாக, ஏதோ பட்டது.

மின்விசிறி. வேறு என்ன? இத்தனை பேர் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரியில் சொல்லியாயிற்று. மின்விசிறி என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தால் போதும், அந்தச் சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆமினா உம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பினார். பஸ்லியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த ஃபேனை நிப்பாட்டுங்க" என்றேன்.

சிபானா ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். வெளியில் ஆண்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள். இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. என் கை இன்னும் அங்கேயே இருக்கிறது, நடுங்குகிறது. நடுங்கும் கையை நம்பி இந்தக் கதையை நான் முடிக்க மாட்டேன். நீங்கள் கிட்ட வாருங்கள். உங்கள் கையை வையுங்கள். அவசரப்படாதீர்கள், விசிறி முழுதாக நிற்கட்டும்.